குன்று மணலாகும் விதம்

ஆரணிக்கும் வந்தவாசிக்கும் இடையே பெரணமல்லூரைச் சூழ்ந்து கிடக்கும் நிலப்பரப்பில், ஏரிகளுக்கும் நெல்வயல்களுக்கும் நடுவே தனித்தனியாக எழுந்து நிற்கும் கற்குன்றுகளையும், ஜவ்வாது மலையில் பிறந்து இவ்வட்டாரத்தைக் கடந்து சென்று திருமுக்கூடலில் பாலாற்றோடு சங்கமமாகும் செய்யாற்றின் மணற்படுகையையும் ஒருசேர நோக்குகிறவர்களுக்கு, இவை இரண்டும் ஒரே திரவியத்தின் இரண்டு அவஸ்தைகள் என்ற எண்ணம் எளிதில் தோன்றுவதில்லை. ஆயினும் மணல் என்று நாம் சொல்வது, பாறையானது வெயிலாலும் மழையாலும் சிதைந்து, வெள்ளத்தால் இழுக்கப்பட்டு, ஒன்றோடொன்று உரசிக்கொண்டே வந்து சேர்ந்த மிச்சமேயன்றி வேறன்று. பல்லாயிரம் ஆண்டுகளில் நடைபெறும் அந்தக் காரியத்தைச் சில நிமிஷங்களில் இயந்திரங்களைக் கொண்டு செய்து முடித்தால் கிடைப்பதுதான் இன்று ஊர்தோறும் டிப்பர் லாரிகளில் வந்து இறங்கும் எம்-சாண்ட். அதைச் செயற்கை மணல் என்று சிலர் இகழ்ச்சியாகவும், ஆற்று மணலைவிட மேலானது என்று வேறு சிலர் விளம்பரமாகவும் பேசுகிறார்கள். ஆறு பாறையை உடைப்பதோடு நிற்பதில்லை, உடைந்ததில் தக்கதைத் தேர்ந்தெடுக்கிறது, உருட்டுகிறது, கழுவுகிறது என்பதை இவ்விரு கட்சியாரும் கவனிப்பதில்லை. உடைப்பது இயந்திரத்துக்கு மிகச் சுலபம்; மற்ற மூன்றையும் செய்கிற கிரஷர் எது, செய்யாமலே லாரி ஏற்றிவிடுகிற கிரஷர் எது என்பதில்தான் வீடு கட்டுகிறவரின் அதிர்ஷ்டம் அடங்கியிருக்கிறது.

திருவண்ணாமலை மாவட்டத்துப் பாறைகள் பெரும்பாலும் நைஸ் என்றும் சார்னோக்கைட் என்றும் புவியியலார் வழங்கும் வகைகளைச் சேர்ந்தவை. பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து உருமாறி, ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகளுக்கு முன் இன்றைய அமைப்பை அடைந்தவை. சார்னோக்கைட்டுக்கு அப்பெயர் வாய்த்த வரலாறு விநோதமானது. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரரின் கல்லறையில் பதிக்கப்பட்டிருந்த கல், சென்னையை அடுத்த பல்லாவரம் பகுதிக் குன்றுகளின் கல்லே என்று அறிந்த தாமஸ் ஹாலந்து என்னும் அறிஞர், 1893-இல் அந்தப் பாறை வகைக்கே இறந்தவரின் பெயரைச் சூட்டிவிட்டார். நம் மக்கள் இந்த வித்தியாசங்களையெல்லாம் பாராட்டுவதில்லை. எல்லாம் அவர்களுக்குக் கருங்கல்தான். தேசூரை அடுத்த சீயமங்கலத்தில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த கோயில் இன்றும் நிற்கிறது. அதே மன்னன் மண்டகப்பட்டில், செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணச் சாந்தும் இன்றியே ஆலயம் சமைத்ததாகக் கல்வெட்டில் பெருமை கொண்டான். சாந்து தேவைப்படாத கட்டடத்துக்காகப் பாறையை நாடியவன் அவன். சாந்து குழைப்பதற்காகவே பாறையைத் தூளாக்குகிறவர்கள் நாம்.

அந்தப் பாறைக்குள் குவார்ட்ஸ், பெல்ஸ்பார், பைராக்ஸீன், அப்பிரகம் எனப் பலவகைக் கனிமங்கள் நெருங்கிப் பிணைந்திருக்கின்றன. ஆகாயத்திலிருந்து இறங்கும் மழைநீர் வழியிலேயே கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மிக மெல்லிய அமிலமாகி, பாறையின் இடுக்குகளில் புகுந்து, பெல்ஸ்பாரைச் சிறிது சிறிதாகக் களிமண்ணாக மாற்றிவிடுகிறது. பைராக்ஸீனும் கறுப்பு அப்பிரகமும் துருவேறி மக்கிப் போகின்றன. குவார்ட்ஸ் ஒன்றுதான் இந்த ரசாயனத் தாக்குதலுக்கு ஏறக்குறைய அசையாமல் தப்பிப் பிழைக்கிறது. வெள்ளம் வரும்போது களிமண் கலங்கலாகி ஏரிகளுக்கும் கடலுக்கும் போய்விட, இலேசான அப்பிரகத் தகடுகள் மிதந்து விலக, கனமும் உறுதியும் உள்ள பரல்கள் மட்டுமே படுகையில் தங்குகின்றன. ஆகவே ஆற்று மணல் என்பது பாறை முழுவதும் அன்று. பாறையில் சோதனைக்கு நின்ற அம்சம் மட்டுமே. கிரஷரில் பிறந்த மணலோ தாய்ப்பாறையின் எல்லாக் கனிமங்களையும், நல்லது பொல்லாதது என்ற பேதமின்றி, அப்படியே கொண்டுவருகிறது. நல்ல சார்னோக்கைட்டை உடைத்தால் இதனால் குற்றம் ஒன்றுமில்லை; பெல்ஸ்பாரும் புதிதாய் உடைந்த நிலையில் திடமானதுதான். ஆனால் அப்பிரகம் மிகுந்த நைஸையோ, மேற்பரப்பில் மக்கிச் சிவந்துபோன பாறையையோ உடைத்தால், ஆறு கழித்துக் கட்டியிருக்கக்கூடிய குப்பை முழுவதும் சாந்திலே வந்து சேரும். எந்தக் குவாரியின் கல், எந்த ஆழத்துக் கல் என்று கேட்பது இதனால்தான் அவசியமாகிறது. விலையைக் கேட்கிற நம்மவர்கள் இதை மட்டும் கேட்பதில்லை.

ஆற்று மணலைக் கட்டடத்துக்குச் செலவிடாமல் காக்க வேண்டும் என்ற எண்ணம் வந்ததற்குக் காரணம், அதற்கு ஆற்றிலேயே ஒரு பெரிய உத்தியோகம் இருப்பதுதான். மணற்படுகையின் கன அளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெற்றிடம். மழைக்காலத்தில் சில நாட்களே ஓடும் செய்யாறும் பாலாறும் அந்த வெற்றிடத்தில்தான் நீரைப் பத்திரப்படுத்தி, வெயில் தீண்டாத சேமிப்பாக வைத்துக்கொள்கின்றன. பழைய வட ஆற்காட்டு உழவர் இந்த ரகசியத்தை நன்கறிந்து, வறண்டு கிடக்கும் படுகையிலே ஊற்றுக்கால் வெட்டி, மணலுக்குள் ஓடும் நீரைக் கழனிக்கும் ஏரிக்கும் திருப்பிக்கொண்டார்கள். மணல் போனால் ஊற்றுக்காலும் போயிற்று. தமிழ்நாட்டில் ஆற்று மணல் குவாரிகளை 2003 அக்டோபரில் அரசே ஏற்று நடத்தத் தொடங்கியது. 2012-இல் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், சிறு கனிமக் குவாரிகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்றது. 2017-இல் முதலமைச்சர், மூன்றாண்டுகளில் ஆற்று மணல் குவாரிகளை மூடி எம்-சாண்டுக்கு மாறுவோம் என்று அறிவித்தார். 2023-இல் எம்-சாண்டுக்கென்றே அரசின் கொள்கை வெளிவந்தது. இந்த இருபது ஆண்டுகளுக்குள் மேஸ்திரிகளின் கை, ஒரு பொருளை விட்டு இன்னொரு பொருளுக்குப் பழகவேண்டியதாயிற்று.

இனி இயந்திரத்துக்கு வருவோம். கம்ப்ரசர் கொண்டு துளையிட்டு, வெடி வைத்துப் பெயர்த்த பாறைத் துண்டுகள் கிரஷரின் வாயில் கொட்டப்படுகின்றன. முதலில் அவற்றைச் சந்திப்பது தாடைக் கிரஷர். அமெரிக்காவில் நியூ ஹேவன் நகரில், சாலை போடுவதற்கு வேண்டிய ஜல்லியைக் கூலியாட்கள் சுத்தியலால் உடைக்கும் அவஸ்தையைக் கண்டு, எலி விட்னி பிளேக் என்பவர் யோசித்து அமைத்து 1858-இல் காப்புரிமை பெற்ற இயந்திரம் இது. இரண்டு கனத்த எஃகுத் தகடுகள் மேலே அகன்றும் கீழே குறுகியும் நிற்க, அவற்றுள் ஒன்று இடைவிடாமல் முன்னும் பின்னும் அசைகிறது. இடையில் விழுந்த கல் நெரிந்து உடைந்து, சற்றே கீழிறங்கி மறுபடி நெரிந்து, கடைசியில் அடிவாயின் அகலத்துக்கு அடங்கிய துண்டுகளாக வெளிவருகிறது.

நெரிப்பதால் கல் உடைகிறது என்று நாம் எண்ணினாலும் உண்மையில் அது பிளக்கிறது. கருங்கல் அழுத்தத்தைத் தாங்குவதில் மகா பலசாலி; இழுவிசையைத் தாங்கும் பலமோ அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். இரு முனைகளில் அழுத்தும்போது நடுவே பக்கவாட்டில் இழுவிசை எழுகிறது. கல்லுக்குள் இயல்பாகவே உள்ள கண்ணுக்குப் புலப்படாத நுண்விரிசல்களின் நுனியில் அந்த விசை குவிந்து, விரிசல் சட்டென்று ஓடிவிடுகிறது. இந்தத் தத்துவத்தை 1920-இல் கணித முறையில் நிலைநாட்டியவர் கிரிஃபித் என்ற ஆங்கிலேயப் பொறியியலார். ஆனால் உளியால் வரிசையாகக் குழிகள் வெட்டி, ஆப்பு இறுக்கி, பாறையைப் பலகையாகப் பிளந்த நம் கல்தச்சர்கள் இதை அனுபவமாகவே வைத்திருந்தார்கள்.

தாடையைத் தாண்டிய துண்டுகள் கூம்பு வடிவக் கிரஷரில் மேலும் நொறுங்கி, அதிர்ந்துகொண்டேயிருக்கும் சல்லடைகளில் ஒன்றரை ஜல்லி, முக்கால் ஜல்லி, சிப்ஸ் என்று தரம் பிரிகின்றன. சல்லடை எல்லாவற்றுக்கும் அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு தூள் தங்குகிறது. இதற்குக் கிரஷர் டஸ்ட் என்று பெயர். நெடுநாள் வரையில் இது வாங்குவாரின்றிக் குவாரியருகே மலையாகக் குவிந்து கிடந்த சரக்கு; தளம் நிரப்பவும், கல் பாவுவதற்கு அடியில் பரப்பவும் மட்டுமே உபயோகப்பட்டது. இன்று இதையே எம்-சாண்ட் என்று சொல்லி விற்கும் துணிச்சல்காரர்கள் உண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றுவது அவர்களுக்குச் சாதகம்.

டஸ்ட் மணலாகாமைக்கு முதற் காரணம் உருவம். நெரித்து உடைத்த துகள்கள் தட்டையாகவும் ஊசிமுனையாகவும் அமைகின்றன. அத்தகைய துகள்கள் சாந்திலே ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்லாமல் கோத்துக்கொண்டு நிற்பதால், கரண்டிக்குப் படிய வேண்டுமானால் தண்ணீரை அதிகமாக ஊற்ற வேண்டியிருக்கிறது. அதிகமாக ஊற்றிய தண்ணீர் பின்னால் ஆவியாகிப் போகையில் கான்கிரீட்டுக்குள் துவாரங்களை விட்டுச் செல்கிறது. துவாரம் மிகுந்த கான்கிரீட் பலம் குன்றியது. இந்தக் கோணலைத் திருத்துவதற்கென்றே அமைந்தது வி.எஸ்.ஐ. என்று கிரஷர்காரர்கள் குறிப்பிடும் செங்குத்து அச்சு இயந்திரம். நியூஸிலாந்தில் பிரையன் பார்ட்லி, ஜிம் மக்டொனால்ட் என்ற இருவர் சென்ற நூற்றாண்டின் பிற்பாதியில் உருவாக்கி, இருவர் பெயரையும் இணைத்து ‘பார்மாக்’ என்று வழங்கிய இயந்திரமே இதன் மூதாதை. அசுர வேகத்தில் சுழலும் ரோட்டாரின் நடுவே விழும் சிறு ஜல்லி, வினாடிக்கு 50 முதல் 70 மீட்டர் வேகத்தில் வெளியே வீசப்படுகிறது. மணிக்கு 180 கிலோமீட்டருக்குக் குறையாத வேகம் இது. அப்படி வீசப்பட்ட கல் மோதுவது இரும்புச் சுவரில் அன்று. முன்னரே அறையின் ஓரங்களில் படிந்து நிற்கும் கற்குவியலின் மீது. கல்லைக் கல்லே உடைக்கிறது. கல்லைக் கல்லே தேய்க்கிறது. தட்டைத் துகள் நடுவில் முறிகிறது, கூர்முனை மழுங்குகிறது. நூறு கிலோமீட்டர் உருட்டி ஆறு செய்வதை இந்த அறை ஒரு கணத்தில் ஓரளவேனும் செய்துவிடுகிறது. முற்றிலும் அல்ல, உருப்பெருக்கியின் கீழ் வைத்தால் எம்-சாண்டின் பரல் இன்னும் பல முகங்களோடுதான் காட்சியளிக்கும். அந்த முகங்கள் சிமெண்டைப் பற்றிக்கொள்ள அனுகூலமானவை என்பதால் அதைக் குறையென்று சொல்லிவிடவும் முடியாது. 2002-இல் நிறைவெய்திய மும்பை–புணே விரைவுச்சாலை, இவ்வகை மணல் இந்தியாவில் பெருமளவில் உபயோகமான முன்னோடிப் பணிகளுள் ஒன்று.

இரண்டாவது காரணம் மாவு. கல்லை நுணுக்க நுணுக்க அதன் வெளிப்பரப்பு எவ்வளவு பெருகுகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரக் கல்லின் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே ஒரு மில்லிமீட்டர்க் கனசதுரங்களாக நறுக்கினால் ஆயிரம் துண்டுகளின் மொத்தப் பரப்பு 60. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்காக நறுக்கினால் 600. சிமெண்ட் பசை இந்தப் பரப்பு முழுவதையும் பூசி நனைத்தாக வேண்டும். மணலில் மாவு மிகுந்தால் அதே மூட்டை சிமெண்ட் பரல்களைப் பிணைப்பதற்குப் போதாமல் மாவுக்கே செலவாகிவிடுகிறது. சுவர் காய்ந்ததும் மயிரிழை விரிசல்கள் தோன்றுவதற்கு இது ஒரு பெருங்காரணம். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 383 என்னும் விதி, 75 மைக்ரானுக்குக் குறைந்த துகள், ஆற்று மணலில் 3 விழுக்காட்டுக்கு மேல் போகலாகாது என்றும், உடைத்த கல் மணலில் 15 விழுக்காடு வரை இருக்கலாம் என்றும் கூறுகிறது. கல் மணலுக்கு இவ்வளவு தாராளம் ஏன் என்று கேட்கலாம். ஆற்று மணலின் நுண்துகள் பெரும்பாலும் களிமண். அது நீரை உறிஞ்சி உப்பி, பரலுக்கும் சிமெண்டுக்கும் நடுவே திரையாகப் படிகிறது. கல் மணலின் நுண்துகளோ கல்லே. அளவோடு இருந்தால் பரல்களுக்கிடையே உள்ள சந்துகளை அடைத்துக் கான்கிரீட்டை இறுக்கவும் செய்யும். ஆனால் மேல்மண்ணை அகற்றாமல் குவாரி வெட்டினவர்கள் அனுப்பும் மணலில் களிமண்ணும் சேர்ந்தே வருகிறது. அப்போது விதியின் தாராளம் வாங்குகிறவருக்கு விரோதமாக முடிகிறது.

பட்டு நெய்து சேர்த்த பணத்தில் மேல்தளம் எடுக்கிற தறிக்காரர் ஒருவரின் வீட்டு வாசலில், லாரி கொட்டிப் போன குவியலை மேஸ்திரி ஒருவர் பரிசோதித்ததைப் பார்த்தேன். ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்த்து உதறினார். கை வெளுத்துப் போயிற்று. பிறகு கண்ணாடி டம்ளரில் பாதி மணலும் மீதி தண்ணீரும் விட்டுக் கலக்கி, படிக்கட்டில் வைத்துவிட்டு டீ குடித்து வந்தார். அடியில் பரல், அதன்மேல் விரற்கடை கனத்தில் சாம்பல் குழம்பு, அதற்கும் மேலே தெளியாத பால்நிறத் தண்ணீர்.

“இது எம்-சாண்ட் இல்லீங்க. டஸ்ட்டு. கழுவாமலே ஏத்தி அனுப்பிட்டாங்க.”

“பில்லுல எம்-சாண்டுன்னுதானே மேஸ்திரி போட்டிருக்கு?”

“பில்லு எழுதறவரா மண்ணைக் கழுவறாரு?”

இந்த டம்ளர்ச் சோதனை மிகவும் ஸ்தூலமானது. எத்தனை விழுக்காடு என்று அதனால் சொல்ல முடியாது. ஆயினும் பெருமோசத்தைக் காட்டிக் கொடுக்க அது போதும். சூக்ஷ்மமாக அறிய வேண்டுமானால், 4.75 மில்லிமீட்டரில் தொடங்கி 150 மைக்ரான் வரை ஒன்றைவிட ஒன்று நுண்ணியதான ஆறு சல்லடைகளில் சலித்து, ஒவ்வொன்றிலும் தங்கிய எடையைக் குறித்துப் பார்க்க வேண்டும். பெரிய பரலும் நடுத்தரமும் பொடியும் தக்க விகிதத்தில் கலந்திருந்தால்தான் ஒன்றின் சந்தை மற்றொன்று நிரப்பும். வீடு கட்டுகிற ஒவ்வொருவரும் சல்லடை வைத்துக்கொள்ள முடியாதாகையால், பொதுப்பணித் துறையின் தரச் சான்று பெற்ற கிரஷர்தானா என்று விசாரிப்பது நடைமுறைக்கு உகந்தது. நூறு கன அடி கொண்ட ஒரு யூனிட் மணல் ஏறக்குறைய 5 டன் கனக்கும். அவ்வளவையும் கலந்து பூசிய பிறகு குறை கண்டு பயனில்லை. பூச்சு வேலைக்கு வேண்டியது இதனினும் நுண்ணிய பி-சாண்ட். சிக்கனம் கருதி ஒரே லாரி எம்-சாண்டில் கட்டு வேலையையும் பூச்சையும் முடிக்கிறவர்களின் சுவர், கைபட்டால் சொரசொரப்பாக நின்றுவிடுகிறது.

மாவை நீக்கும் வழி கழுவுதல். திருகு போன்ற அமைப்போ, வாளிகள் பொருத்திய சக்கரமோ தொட்டிக்குள் சுழல, தண்ணீர் மாவை ஏந்திக்கொண்டு வழிந்துவிடுகிறது. பரல் மேலேறி வடிந்து குவிகிறது. ஆற்றைக் காப்பதற்கென்று வந்த மணல், நிலத்தடி நீரைக் குடிக்கிறதே என்ற ஆட்சேபம் நியாயமானது. ஆதலால் நல்ல ஆலைகளில் சேற்று நீரைத் தெளியவைக்கும் பெருந்தொட்டி அமைத்து, தெளிந்ததையே திரும்பத் திரும்ப உபயோகிக்கிறார்கள். காற்றை ஊதி மாவைப் பிரிக்கும் வறண்ட முறையும் உண்டு. அதில் தண்ணீர் மிச்சம், மின்சாரச் செலவு மிகுதி.

காற்று என்றதும் கிரஷரின் மிகப் பெரிய குற்றம் நினைவுக்கு வருகிறது. ஐந்து மைக்ரான் பருமனுள்ள கல்தூசி, அசைவற்ற காற்றில் வினாடிக்கு 2 மில்லிமீட்டர் வேகத்தில்தான் கீழிறங்கும். ஆறு மீட்டர் உயரத்துக் கன்வேயரின் நுனியிலிருந்து புறப்பட்ட தூசி தரையைத் தொட 50 நிமிஷம் ஆகும். வினாடிக்கு 2 மீட்டர் வீசும் இளங்காற்றே அதற்குள் அதை 6 கிலோமீட்டர் கொண்டுபோய்விடும். விடியற்காலையில் தெருவில் நீட்டிக் கட்டிய பட்டுப்பாவின் மேல் இத்தூசி படிவது நெசவாளருக்கு எரிச்சல் மட்டுமே. மனிதனின் சுவாசப்பையில் படிவதோ வியாதி. ஐந்து மைக்ரானுக்குக் குறைந்த சிலிக்காத் துகள் மூக்கின் ரோமங்களையும் தொண்டையின் சளியையும் ஏமாற்றிவிட்டுச் சுவாசப்பையின் நுண்ணறைகளை அடைகிறது. அதை விழுங்கிச் செரிக்க முயலும் பாதுகாப்பு அணுக்கள் தாமே மடிகின்றன. அந்த இடத்தில் தழும்பு படர்ந்து, ஆண்டுகள் கழித்து மூச்சுத் திணறலாகத் தலைகாட்டும் சிலிகோசிஸ் நோய்க்கு மாற்று மருந்து இதுவரை இல்லை. சற்றுமுன் உடைந்த குவார்ட்ஸின் முகங்கள், நாட்பட்டதைவிட அதிகத் தீங்கு விளைப்பவை என்றும் ஆராய்ச்சியாளர் கண்டிருக்கிறார்கள். கிரஷரில் பிறப்பது அனைத்தும் சற்றுமுன் உடைந்ததே. தெளிப்பான்களால் நனைத்துக்கொண்டே உடைத்தல், கன்வேயர்களுக்குத் தகடு வேய்தல், சுற்றிலும் மதிலும் மரங்களும் எழுப்புதல் ஆகியவற்றோடு, இயந்திரத்திலிருந்து 3 முதல் 10 மீட்டர் தொலைவில் ஒரு கனமீட்டர்க் காற்றில் மிதக்கும் தூசி 600 மைக்ரோகிராமுக்கு மிகக் கூடாது என்பதும் சட்டம். குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கற்குவாரிக்குக் குத்தகை கொடுக்கலாகாது என்பதும் சட்டமே. முந்திய கணக்கைப் பார்த்த பிறகு 300 மீட்டர் என்பது தூசியைக் கருதி வகுத்த தூரமாக எனக்குத் தோன்றவில்லை. தெளிப்பான் ஓடாத நாளில் எந்தத் தூரமும் போதாது.

வெட்டியெடுத்த ஆற்று மணலை, மேலே தடுப்பணைகள் விடுமானால், வெள்ளங்கள் மெதுவாகவேனும் ஈடுசெய்யும். குன்றை ஈடுசெய்யும் வெள்ளம் கிடையாது. உலகம் ஆண்டொன்றுக்கு 5,000 கோடி டன் மணலும் சரளையும் ஜல்லியும் செலவழிக்கிறது என்று ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2022-இல் கணக்கிட்டது. ஆகவே மூன்றாவதாக ஒரு மூலத்தையும் அறிஞர்கள் நாடியிருக்கிறார்கள்: இடித்த கட்டடங்கள். ஐ.எஸ். 383-இன் 2016-ஆம் ஆண்டுத் திருத்தம், பழைய கான்கிரீட்டை உடைத்துப் பெற்ற மணலைக் கம்பியில்லாத கான்கிரீட்டில் 25 விழுக்காடும், எம்25 தரம் வரையிலான கம்பி கட்டிய கான்கிரீட்டில் 20 விழுக்காடும் கலக்க அனுமதிக்கிறது. பழைய சாந்து ஒட்டிக்கொண்டிருப்பதால் அது தண்ணீரை அதிகம் உறிஞ்சும். அதற்குத் தக்கபடி முன்னரே நனைத்துக்கொள்ள வேண்டும். பெருநகரங்களில் இது சாத்தியம். பெரணமல்லூர் போன்ற ஊர்களில் இடிபடும் வீடுகளோ செங்கல்லும் சுண்ணாம்பும் நாட்டு ஓடும் கலந்தவை. அவற்றைப் பிரித்தெடுக்கும் கூலி கருங்கல்லை உடைக்கும் கூலியை மிஞ்சிவிடும். எனவே அந்த இடிபாடு இப்போதைக்கு மனைகளின் பள்ளம் தூர்க்கவே போய்க்கொண்டிருக்கிறது. கிரஷரின் தாடைக்கு வேண்டிய கல் குன்றிலிருந்தே வருகிறது.